ஆட்டுக்கொம்பு ஹேண்டில்பாரும் ஆடிக்காற்றும்

திருச்சியில் 'ரேஸ் சைக்கிள்' வாங்குகிற பையன்களின் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறது. முதல் நாள் சாயங்காலம் தில்லைநகர் கிராஸ் ரோடுகளில் ஒரு ரவுண்டு. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரின் அடிவளைவைப் பிடித்து, முதுகை வில்லாக வளைத்து ஒரு போட்டோ. இரண்டாம் நாள் கழுத்து வலி. நான்காம் நாள் சுண்டுவிரல் மரத்துப்போகிறது. ஒரு வாரத்தில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டவுன் பஸ் ஒன்று திடீரென்று ஓரங்கட்டி நிற்க, கை ஓரிடத்திலும் பிரேக் வேறிடத்திலும் இருக்க, உயிர் ஒரு நொடி தொண்டைக்கு வந்துவிட்டுத் திரும்புகிறது. இரண்டாம் வாரம் கடையில் போய், "அண்ணே, இதை எடுத்துட்டு நேர் ஹேண்டில் போட்டுக் குடுங்கண்ணே." மூன்றாம் மாதம் சைக்கிள் விற்பனைக்கு. 'புதுசு மாதிரி, ரெண்டு மாசம்தான் ஓட்டினது.'

குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது எப்போதும் ஹேண்டில்பார்தான். "அதெல்லாம் வெள்ளைக்காரன் ரோட்டுக்குப்பா, நம்ம ஊருக்கு செட் ஆகாது" என்று தீர்ப்பும் உடனே வந்துவிடும். அந்தத் தீர்ப்புக்கு எதிராக ஓர் அப்பீல் போட நிறைய நியாயம் இருக்கிறது.

முதலில் அந்தப் பொருள் என்ன என்று பார்க்கலாம். டிராப் பார் என்பது குனிந்து ஓட்டுவதற்கான கருவி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. உண்மையில் அது மூன்று ஹேண்டில்பார்களை ஒரே குழாயில் வளைத்து வைத்த சமாச்சாரம். மேலே நேராக ஓடுகிற பகுதி ஒன்று. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிரேக் லீவரின் ரப்பர் உறை, அதாவது ஹூட், இரண்டாவது. கீழே வளைந்து பின்னால் வருகிற பகுதி மூன்றாவது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மேல்பிடி. சாதாரணமாகப் போகும்போது ஹூட். எதிர்காற்றிலும் வேகமான இறக்கத்திலும் கீழ்ப்பிடி. நேர் ஹேண்டிலில் கை வைக்க ஒரே இடம்தான். இதில் அலுத்தால் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு மணி நேரம் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும், பத்து நிமிஷம் ஓட்டியவர்களுக்குத் தெரியாது.

ஆனால் டிவியில் தெரிவது என்ன? பந்தயத்தின் கடைசி இருநூறு மீட்டர். எல்லோரும் கீழ்ப்பிடியில் தலையைக் குனிந்து பறக்கிறார்கள். அதற்கு முன்னால் நான்கு ஐந்து மணி நேரம் அவர்கள் பெரும்பாலும் ஹூட்டைப் பிடித்துக்கொண்டு வந்ததை யாரும் காட்டுவதில்லை. இது ஒரு காலத்தில் இப்படி இல்லை என்பதும் உண்மை. கியர் மாற்றும் குமிழ்கள் பிரேமின் கீழ்க்குழாயில் இருந்தன. கியர் மாற்ற ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுத்தாக வேண்டும். 1990இல் ஷிமானோ நிறுவனம் பிரேக் லீவருக்குள்ளேயே கியரையும் வைத்து எஸ்.டி.ஐ. லீவரைக் கொண்டுவந்தது. இரண்டு வருடத்தில் இத்தாலியின் கம்பக்னோலோவும் தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்தது. அப்போதிலிருந்து ஹூட்தான் ஓட்டுபவரின் வீடு. அதன் வடிவமும் ஒவ்வொரு தலைமுறையிலும் உள்ளங்கைக்கு ஏற்ற மாதிரி மாறிக்கொண்டே வந்தது. புதிதாக வாங்கியவர் அந்த வீட்டில் குடியிருக்காமல் நேராகப் பாதாள அறைக்கு இறங்கிவிடுவதால்தான் பாதித் தொல்லை.

மீதித் தொல்லை அளவில் இருக்கிறது. நேர் ஹேண்டிலில் கை, ஸ்டெம் முடிகிற இடத்துக்குப் பக்கவாட்டில் இருக்கும். டிராப் பாரில் ஹூட் அதற்கும் ஏழெட்டு சென்டிமீட்டர் முன்னால் இருக்கும். லீவரின் நீளத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். அதனால் நேர் ஹேண்டிலுக்காகச் செய்த பிரேமில் டிராப் பாரை மாட்டினால் மனிதர் சைக்கிள் மேல் படுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அதே மாதிரி டிராப் பாருக்கான பிரேமில் நேர் ஹேண்டிலை மாட்டினால் எல்லாம் மிகக் கிட்டத்தில் வந்து முட்டியும் கையும் சண்டை போடும். 'ஹேண்டில் மட்டும் மாத்திக் குடுங்க' என்பது சட்டையின் கையை மட்டும் வேறு அளவில் தைத்துக் கொடுங்கள் என்று டெய்லரிடம் கேட்கிற மாதிரி.

அகலமும் வேறு. டிராப் பார் தோள் அகலத்துக்குத்தான் இருக்கும், 38இலிருந்து 44 சென்டிமீட்டருக்குள். நேர் ஹேண்டில் 60, 70 என்று போகும். கை குறுகியிருந்தால் சின்ன அசைவுக்கும் முன்சக்கரம் திரும்பும். பழக்கமில்லாதவர் இதை 'ஆடுது' என்பார். ஆடுவது வண்டி அல்ல, பிடிதான். பயத்தில் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அது இன்னும் ஆடும். முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, பியானோ வாசிக்கிறவர் மாதிரி விரலைத் தளர விட்டால் அடங்கிவிடும். சொல்வது எளிது, முதல் பத்து நாள் உடம்பு கேட்காது.

இதைச் சோதித்துப் பார்க்க மலைக்கோட்டைக்காரர்களுக்குக் கடவுள் ஒரு பரீட்சை ஹால் கட்டிக் கொடுத்திருக்கிறார்: காவிரிப் பாலம். 1976இல் திறந்த பாலம், அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம், தூணுக்குத் தூண் இணைப்பு. 2022-23இல் போக்குவரத்தை நிறுத்தி மாதக்கணக்கில் பழுது பார்த்தார்களே, அது முக்கியமாக இந்த இணைப்புகளுக்காகத்தான். முழங்கையை விறைப்பாக வைத்துக்கொண்டு ஒல்லி டயரில் அதன் மேல் போனால் ஒவ்வோர் இணைப்பும் தோள்பட்டையில் வந்து பேசும். அது போக, பாலம் தெற்கு வடக்காக நிற்கிறது. ஆனி ஆடியில் காற்று மேற்கிலிருந்து வருகிறது. ஸ்ரீரங்கம் போகும்போது காற்று இடப்பக்கத்திலிருந்து அடித்து ஆளை வலப்பக்கம், அதாவது பஸ்கள் வருகிற பக்கம், தள்ளும். திரும்பி வரும்போது அதே காற்று கைப்பிடிச்சுவர் பக்கம் தள்ளும். புதிதாக டிராப் பார் பழகுகிறவர் ஆடி மாதத்தில் பாலத்தைத் தவிர்ப்பது கோழைத்தனம் இல்லை. அப்படியே போவதானாலும் ஹூட்டில் கை வைத்து, லீவரில் இரண்டு விரல் போட்டு, மெதுவாகப் போகலாம்.

விரல் மரத்துப்போவது வேறு கதை. மோதிர விரலும் சுண்டுவிரலும் மட்டும் மரத்தால் அது உள்ளங்கையின் வெளி ஓரத்தில் போகும் அல்நார் நரம்பு அழுந்துவதால் வருவது. நீண்டதூரம் ஓட்டுகிறவர்களுக்கு இது உலகம் முழுக்க வருகிறது. டாக்டர்கள் இதற்கு ஹேண்டில்பாரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மருந்து பெரும்பாலும் சாதாரணம்: ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கையை இடம் மாற்றுவது. சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு வழுக்கி முன்னால் வந்து பாரம் முழுவதும் கையில் இறங்கும். அதை மட்டமாக வைப்பது. ஹேண்டிலை ஓரிரு சென்டிமீட்டர் உயர்த்துவது. அப்படியும் வாரக்கணக்கில் மரத்தால் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும், யூடியூபை அல்ல.

பிரேக் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். மேல்பிடியில் கை இருக்கும்போது பிரேக் எட்டாது. பெரிய கடைவீதியில் மேல்பிடியில் போவது கண்ணை மூடிக்கொண்டு போவதற்குச் சமம். ஹூட்டிலிருந்து பிரேக் பிடிக்கலாம், கீழ்ப்பிடியிலிருந்து இன்னும் பலமாகப் பிடிக்கலாம். எந்த லீவர் எந்தச் சக்கரம் என்பதையும் வாங்கிய அன்றே பார்த்துவிட வேண்டும். இந்தியாவில் வழக்கமாக வலது கை முன்சக்கரம், சில நாடுகளில் அது நேர் எதிர். பழைய இரும்புக் கடையில் கிடைத்த வளைவு ஹேண்டிலைத் தன் சைக்கிளில் மாட்டுகிற கைவினைஞர்களுக்கு இன்னொரு விஷயம். இரண்டு ஹேண்டில்களின் குழாய்க் கனமே வேறு. நேர் ஹேண்டிலில் லீவர் மாட்டும் இடம் 22.2 மில்லிமீட்டர், டிராப் பாரில் 23.8. பழைய லீவர் ஏறாது. சுத்தியலால் ஏற்றியவர்கள் உண்டு, அவர்கள் பற்கள் பத்திரமாக இருக்க வேண்டுவோம் :-) அதுபோக வி-பிரேக் வைத்த வண்டிக்கு வயரை நிறைய இழுக்கும் லீவர் வேண்டும்; சாதாரண டிராப் பார் லீவர் அவ்வளவு இழுக்காது. பார்க்க பிரேக் மாதிரியே இருக்கும். நிற்காது.

இன்னும் சில்லறைக் குறைகள் உண்டு. பெல் மாட்ட இடமில்லை. ஸ்டெம் பக்கத்தில் ஒட்டி வைத்தால் அடிக்க ஒரு கையை எடுக்க வேண்டும். பெல் இல்லாமல் சின்னக்கடைவீதியில் போவது எப்படி என்று இத்தாலிக்காரர்கள் யோசிக்கவில்லை. காந்தி மார்க்கெட்டில் வாங்கிய காய்கறிப் பையை மாட்டினால் அது பிரேக் லீவரில் தொங்கும். தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பதும் கொஞ்சம் சிரமம். இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்வதுதான் நியாயம். ஊருக்குள் மூன்று கிலோமீட்டர் காலேஜுக்குப் போய் வருவதற்கு மட்டும் டிராப் பார் வேண்டும் என்று யாராவது சொன்னால் அது ஷோ. அதற்கு சாதாரண சைக்கிளே ராஜா.

ஊரைத் தாண்டினால்தான் கணக்கு மாறுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். காற்றில்லாத நாளில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், 20 கிலோமீட்டர் வேக எதிர்காற்றில் அதே 20இல் போக நினைத்தால், அவர் முகத்தில் அடிப்பது 40 கிலோமீட்டர் காற்று. எதிர்ப்பு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. அந்த எதிர்ப்பில் பெரும்பங்கு சைக்கிளால் வருவதல்ல, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மனிதரால் வருவது. குனிந்தால் குறைகிறது, அவ்வளவுதான். இது சமவெளி ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் பொது என்றாலும் திருச்சிக்கு விசேஷமாகப் பொருந்தும். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கோவை, கரூர் தாண்டி இங்கே வந்து அடிக்கிறது. ஆடியில் அம்மி பறக்கும் என்கிற பழமொழியில் மிகைப்படுத்தல் இருக்கலாம். கம்பரசம்பேட்டையைத் தாண்டி முக்கொம்பு பக்கம் சைக்கிளில் போய்ப் பார்த்தவர்கள் அதை அவ்வளவாகக் குறைத்துப் பேசமாட்டார்கள்.

சரி, பழகுவதைப் பற்றி. தமிழ்நாட்டுக்காரர்கள் சைக்கிளில் எதற்குத்தான் பழகவில்லை? சீட்டு எட்டாத வயதில் பாருக்குக் கீழே காலை விட்டுக் கோணலாகத் தொங்கியபடி ஓட்டிய குரங்கு பெடலைவிடக் கஷ்டமான உட்காரும் முறை உலகத்தில் எந்த ரேஸ் சைக்கிளிலும் கிடையாது. (2024இல் அந்தப் பெயரிலேயே ஒரு படம் வந்தது.) பொன்மலை ரயில்வே பணிமனைக்குப் போனவர்கள் மதியச் சாப்பாட்டுத் தூக்கை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு காலம் காலமாக மிதித்தார்கள்.

இன்னும் பெரிய உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது, புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பலர் நடுவில் பார் உள்ள ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றார்கள். சேலை கட்டிக்கொண்டு. பிறகு சிலர், அந்த பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று ஜென்ட்ஸ் சைக்கிளே வேண்டும் என்றார்களாம். முதலில் தொந்தரவாக இருந்த குழாய் பிறகு வசதியாகிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் தனியாகப் பழகவில்லை. முகாம் இருந்தது. பிடித்துக்கொள்ள ஆள் இருந்தது. விழுந்தால் கூட விழுகிற இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். இருபத்தைந்தாயிரமோ முப்பதாயிரமோ போட்டு டிராப் பார் வாங்குகிற பையனுக்கு இதில் ஒன்றும் இல்லை. சீட்டை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்றுகூடச் சொல்ல ஆள் இல்லாமல், ஹூட் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று தெரியாமல், அட்டைப்பெட்டியிலிருந்து வந்தபடியே ஓட்டிவிட்டு உடம்பு வலிக்கிறது என்கிறார். வலிக்காமல் என்ன செய்யும்?

வணிகவியல் பாடத்தில் 'சங்க் காஸ்ட்' என்று ஒன்று வரும். போட்ட காசு போனது போனதுதான், இனிமேல் எடுக்கும் முடிவில் அதைச் சேர்க்காதே என்று அர்த்தம். ரேஸ் சைக்கிளை மூன்றாம் மாதம் பாதி விலைக்குத் தள்ளுகிறவர்கள் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவர்கள் போலிருக்கிறது. ஆனால் அவர்கள் கணக்கில் விட்டுப்போனது ஒன்று உண்டு: பழகுவதற்கான மூன்று வாரம். அது செலவு இல்லை, பொருளின் விலையில் ஒரு பகுதி. கீபோர்டில் பத்து விரலால் தட்டக் கற்கும்போது முதல் சில வாரம் வேகம் குறையும். அதற்காக யாரும் கீபோர்டை விற்பதில்லை.

சொந்தக் காசில் வாங்கி விற்பவர்களைப் பற்றி இவ்வளவு கவலைப்படத் தேவையில்லைதான். கவலைப்பட வேண்டியது வாங்கவே முடியாதவர்களைப் பற்றி.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்கு மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டவர்கள் என்று மூன்று பிரிவு, மாணவர் மாணவியர் தனித்தனி. தூரம் பத்திலிருந்து இருபது கிலோமீட்டர். முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்தது 3,000, அதற்கடுத்தது 2,000. பத்தாவது இடம் வரை ஏதோ கிடைக்கும். அறிவிப்பைப் படித்துப் பார்த்தால் ஒரு நிபந்தனை தவறாமல் இருக்கும். இந்தியாவில் தயாரான, சாதாரண கைப்பிடி கொண்ட மிதிவண்டிதான் கொண்டுவர வேண்டும். அதாவது டிராப் பாருக்கு அனுமதி இல்லை.

இந்த விதி நல்ல விதி. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? அப்பாவிடம் ஐம்பதாயிரம் உள்ள பையன் கார்பன் போர்க்கோடு வந்து நிற்பான். அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிளில் லால்குடியிலிருந்து வந்த பெண் பத்தாவது இடத்துக்குக்கூட வரமாட்டாள். 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லாருக்குமாக விரிந்த அந்த விலையில்லாச் சைக்கிள் திட்டம்தான் பல வீடுகளுக்கு முதல் சைக்கிளையே கொண்டுவந்தது. அதே சைக்கிளில் ஒருவர் முதல் பரிசு வாங்க முடிகிற போட்டி ஒன்று வருடத்துக்கு ஒருமுறையாவது இருப்பது பெரிய விஷயம். அந்த விதியில் கை வைக்கக் கூடாது.

ஆனால் அந்தப் போட்டியில் ஜெயித்த பிறகு? பதினேழு வயதில் மாவட்டத்தில் முதலாவதாக வந்த பெண் அடுத்து எங்கே போவாள்? மாநில, தேசிய அளவிலான ரோடு ரேஸ்களில் ஓடுவது டிராப் பார். வெலோட்ரோமில் ஓடும் டிராக் சைக்கிளிலும் வளைந்த ஹேண்டில்தான், அதில் பிரேக்கே கிடையாது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் திருச்சியும் போட்டி நடந்த ஊர்களில் ஒன்று. சைக்கிள் பந்தயம் மட்டும் சென்னைக்கு வெளியே மேலக்கோட்டையூர் வெலோட்ரோமில். காலில் அவ்வளவு பலம் உள்ள பெண், ஹேண்டில்பாரை முதன்முதலாகத் தொடுவதே மற்றவர்கள் ஐந்து வருடம் பழகிய பிறகு என்றால், அது என்ன போட்டி? சமத்துவத்துக்காக வைத்த விதி வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, 'மேலே போறதுக்கு உன் பாடு' என்று சொல்கிற மாதிரி ஆகிறது.

'இதெல்லாம் பணக்கார ஊர் விளையாட்டு' என்பவர்கள் இந்திய வரைபடத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏகிளில் நடந்த ஜூனியர் உலக டிராக் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வாங்கிய ஈசோ ஆல்பன் அந்தமான் நிக்கோபாரைச் சேர்ந்தவர். அடுத்த வருடம் ஜூனியர் டீம் ஸ்பிரிண்டில் இந்தியாவுக்குத் தங்கமே வந்தது, அந்த அணியிலும் அவர் இருந்தார். அங்கே போர்ட் பிளேரில் ஒரு வெலோட்ரோம் உண்டு. கர்நாடகத்தில் சைக்கிள் வீரர்கள் வருவது பெங்களூரின் பணக்காரப் பேட்டைகளிலிருந்து அல்ல. வறட்சிக்குப் பேர்போன விஜயபுரா, பாகல்கோட் பக்கத்திலிருந்து. அங்கே அரசு விளையாட்டு விடுதி இருக்கிறது. இரண்டு இடத்திலும் பொது விஷயம், நல்ல சைக்கிளை வீட்டில் வாங்கித் தர முடியாத பிள்ளையின் கைக்கும் அது சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தது.

திருச்சியில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. அங்கே பத்து டிராப் பார் சைக்கிள். இரண்டு மூன்று அளவுகளில், சாதாரண அலுமினிய பிரேம் போதும். ஒன்று 30,000 என்று வைத்தாலும் மூன்று லட்சம். 38 மாவட்டத்துக்கும் என்றால் ஒரு கோடியே பதினான்கு லட்சம். ஒழுங்காகப் பராமரித்தால் எட்டு வருடம் ஓடும் என்று வைத்துத் தேய்மானம் போட்டால், ஒரு மாவட்டத்துக்கு வருடம் 37,500 ரூபாய். டயர், செயின், ஹேண்டில் டேப் என்று இன்னொரு முப்பதாயிரம் சேர்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பேட்ச், சனிக்கிழமை ஒரு பேட்ச் என்று வருடத்துக்கு நூறு பிள்ளைகள் பழகினால் தலைக்கு எழுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது வேறு. அரசாங்கமே செய்ய வேண்டும் என்றும் இல்லை. பழைய மாணவர் சங்கங்கள் காலேஜுக்குக் காலேஜ் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு வாட்டர் டேங்க் கட்டிப் பெயர் போட்டுக்கொள்வதற்குப் பதில் இதைச் செய்யலாம்.

இது புதிய யோசனையும் அல்ல. மணிக்கு இவ்வளவு என்று சைக்கிளை வாடகைக்கு விட்ட கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. சைக்கிள் வாங்க முடியாத லட்சக்கணக்கான பேர் அங்கேதான் சைக்கிள் கற்றார்கள். ஒருவரால் வாங்க முடியாததைப் பத்துப் பேர் மாற்றி மாற்றி ஓட்டுவது என்கிற ஏற்பாடு இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கடைகள் மூடிக்கொண்டே போனதில் போனது வாடகைக்காரரின் பிழைப்பு மட்டும் இல்லை.

எதிர்ப்புகள் வரும். 'சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஹேண்டில் ஆபத்து' என்பது முதலாவது. ஆபத்துதான், தனியாக டிராபிக்கில் பழகினால். மைதானத்துக்குள், மண்ணோ டிராக்கோ எதுவானாலும், ஹூட்டில் கை வைத்து நின்று ஓடி பிரேக் பிடிக்கப் பழகினால் அவ்வளவாக இல்லை. 'வாங்கிப் போட்டால் துருப்பிடித்துக் கிடக்கும்' என்பது இரண்டாவது. இதற்குத்தான் நல்ல பதில் இல்லை. அரசு ஸ்டோர் ரூம்களில் கிடக்கும் ஜிம் சாமான்களைப் பார்த்தவர்கள் யாரும் இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. பொறுப்பாக ஒரு மெக்கானிக்குக்கு மாதம் இரண்டு நாள் சம்பளம் வைக்காமல் சைக்கிள் மட்டும் வாங்குவதானால் வாங்காமலே இருக்கலாம்.

அதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். இப்போதே கையில் டிராப் பார் வைத்துக்கொண்டு விற்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: முதல் வாரம் கீழ்ப்பிடியைத் தொடவே வேண்டாம். ஹூட் மட்டும். இரண்டாம் வாரம், ஆள் இல்லாத நேரான ரோட்டில் ஒரு நிமிஷம் கீழே, ஐந்து நிமிஷம் மேலே. திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை போகிற ரோடு இதற்கு அழகு. இடப்பக்கம் கொள்ளிடம், வலப்பக்கம் காவிரி. ஆனால் ஆடியில் அங்கே போகாதீர்கள். போகும்போது காற்று முதுகில் இருப்பதால் 'ஆஹா, பழகிவிட்டோம்' என்று தோன்றும். கல்லணையில் வறுத்த மீனைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் தெரியும் சேதி. ஆடியில் மேற்கே கிளம்புவதுதான் புத்திசாலித்தனம். கரூர் ரோட்டில் ஜீயபுரம் வரை எதிர்காற்றில் கீழ்ப்பிடி, அங்கே ஒரு டீ, திரும்பும்போது காற்று தள்ள ஹூட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். குடமுருட்டிப் பாலம் வந்ததும் லீவரில் விரல் இருக்கட்டும், அங்கிருந்து பஸ் தொடங்கிவிடும்.